வாயால் சொன்னதை எழுத்தில் வாங்குங்கள்: உள்ளாட்சி வேலையில் ஒதுக்கப்படும் திருநர்களுக்கு ஒரு வழிகாட்டி

"நீ திருநங்கை, அதனால் உனக்கு வேலை இல்லை" என்று எழுதிக் கொடுத்த நகராட்சியையோ பேரூராட்சியையோ நான் இதுவரை பார்த்ததில்லை. எல்லாம் வாயோடு முடிந்துவிடும். "இடம் ஃபில் ஆயிடுச்சும்மா." "ஆபீசர் லீவு, அப்புறம் வாங்க." "கவுன்சிலர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்களேன்." "வீடு வீடா போற வேலை, ஜனங்க என்ன சொல்லுவாங்க?" இப்படி நாலைந்து தடவை அலைந்த பிறகு நாமே போவதை நிறுத்திவிடுவோம். அந்த அலுவலகத்தின் பதிவேட்டில் நாம் வந்ததற்கே தடயம் இருக்காது.

நான் ஒரு நகராட்சியில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளராகப் 11 மாதம் இருந்தேன். ஒரு நாள் காலை ஐந்தரை மணிக்கு வார்டு அலுவலகத்தில் மஸ்டரை (வருகைப் பதிவேட்டை)த் திறந்தால் என் பெயர் இல்லை. பக்கத்தில் இருந்த அக்காவின் பெயர் இருக்கிறது, அவருக்கு மேலே இருந்த என் பெயர் மட்டும் புதுத் தாளில் வரவில்லை. மேஸ்திரி தலையை நிமிர்த்தாமல் "ஒப்பந்ததாரர் சொல்லிட்டாரு" என்றார். ஒப்பந்ததாரரைக் கேட்டால் "நகராட்சியில சொன்னாங்க" என்றார். நகராட்சியில் "அவங்க எங்க ஆளே இல்லையே" என்றார்கள். மூன்று வாரம் சுற்றினேன், அழுதேன், விட்டுவிட்டேன். என் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. அதற்குப் பிறகு மற்றவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்துத்தான், எனக்கு நடந்தபோது நான் என்ன செய்திருக்க வேண்டும் என்பதைக் கற்றுக்கொண்டேன். இதைப் புதிதாக வேலைக்குப் போகிற திருநங்கைகளுக்கும் திருநம்பிகளுக்கும், இப்போது வேலையில் தொல்லையில் இருப்பவர்களுக்கும் எழுதுகிறேன்.

சட்டத்தில் மூன்று எண்கள்

2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு) தொடுத்த வழக்கில் திருநர்களும் குடிமக்கள்தான், அரசியல் சட்டம் தரும் சம உரிமை அவர்களுக்கும் உண்டு என்று சொல்லி, கல்வியிலும் அரசு வேலையிலும் இடஒதுக்கீடு தரச் சொன்னது. (தமிழ்நாட்டில் திருநங்கைகள் நல வாரியம் அமைந்ததும் ஏப்ரல் 15 தான், 2008-ல். அதனால்தான் அந்த நாளைத் திருநங்கையர் நாளாகக் கொண்டாடுகிறோம்.) ஆனால் அலுவலக மேஜைமேல் மனு வைக்கும்போது அதைவிட நேரடியாக உதவுவது திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 2019. இது 2020 ஜனவரி 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் 3, 9, 11 ஆகிய மூன்று பிரிவுகளை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

3-ஆம் பிரிவு வேலை மறுப்பதையும், வேலையிலிருந்து நீக்குவதையும், வேலையில் நியாயமில்லாமல் நடத்துவதையும் பாகுபாடு என்று தடை செய்கிறது. 9-ஆம் பிரிவு ஆளெடுப்பிலும் பதவி உயர்விலும் எந்த நிறுவனமும் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. 11-ஆம் பிரிவுப்படி ஒவ்வொரு நிறுவனமும் ஒரு புகார் அலுவலரை நியமித்திருக்க வேண்டும்.

"அதெல்லாம் கம்பெனிக்கும்மா, நமக்கு இல்ல" என்று ஒரு மேலாளர் என்னிடமே சொன்னார். அந்தச் சட்டத்தில் நிறுவனம் என்ற சொல்லுக்குத் தனியாக வரையறை இருக்கிறது. சட்டப்படி அமைந்த எந்த அமைப்பும் அதில் வரும், ஆகவே மாநகராட்சி முதல் கிராம ஊராட்சி வரை எல்லாம் வரும். தனியார் நிறுவனம், சங்கம், ஏஜென்சி எல்லாமும் வரும், ஆகவே ஆள் அனுப்பும் ஒப்பந்ததாரரும் தப்ப முடியாது. "உங்க ஆள் இல்ல, எங்க ஆள் இல்ல" என்று பந்து உருட்டினால் இரண்டு பேருக்கும் தனித்தனியாக மனு கொடுங்கள்.

பெயர் ஒன்றாக இருக்கட்டும்

பாதிப் பேர் சிக்குவது இங்கேதான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் இன்னொன்று, வங்கியில் மூன்றாவது. "பேரு ஒத்துப்போகல" என்பது, உங்களை வேண்டாம் என்று நினைக்கும் அலுவலகத்துக்கு யாரும் குறை சொல்ல முடியாத சாக்கு. அந்தச் சாக்கை முதலில் எடுத்துவிடுங்கள்.

மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் தேசியத் திருநர் இணையதளத்தில் விண்ணப்பித்தால் மாவட்ட ஆட்சியர் பெயரில் அடையாளச் சான்றிதழும் அட்டையும் கிடைக்கும். விண்ணப்பிக்கும் நாளில் அந்தத் தளத்தில் இருக்கும் படிவத்தையும் அது கேட்கும் இணைப்புகளையும் பார்த்துச் செய்யுங்கள். தோழி போன வருடம் செய்ததை அப்படியே நகல் எடுக்க வேண்டாம். நல வாரிய அட்டைக்கு மாவட்ட சமூக நல அலுவலகம், அது பெரும்பாலும் ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே இருக்கும். பெயர் மாற்றத்துக்குத் தமிழ்நாடு அரசிதழ். அரசிதழ் பக்கம் கையில் வந்ததும் பத்து நகல் எடுத்து வைத்துக்கொண்டு ஆதார், வங்கி, பிஎஃப் கணக்கு, வாக்காளர் அட்டை என்று ஒவ்வொன்றாக மாற்றுங்கள். பள்ளிச் சான்றிதழ் கடைசியாகத்தான் மாறும், நாளாகும். அதுவரை ஒரு வெள்ளைத்தாளில் "பழைய பெயர் இது, புதிய பெயர் இது, அரசிதழ் நாள் இது" என்று எழுதிக் கையெழுத்திட்டு, அரசிதழ் நகலோடு ஒவ்வொரு விண்ணப்பத்திலும் இணைத்துவிடுங்கள். சான்றிதழ் சரிபார்ப்பில் அந்த ஒரு தாள் எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது.

விண்ணப்பிக்கும்போது

அறிவிப்பை முழுதாகப் படியுங்கள். பாலினக் கட்டத்தில் ஆண், பெண் மட்டும்தான் இருக்கிறதா? இடஒதுக்கீட்டுப் பகுதியில் திருநர் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள்? 2015-ல் தமிழக அரசு திருநர்களை மிகப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்து ஆணை போட்டது. பாலினத்தைச் சாதிபோல நடத்தக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் அந்த ஆணையை ரத்து செய்து, 1 சதவீதம் கிடைமட்ட இடஒதுக்கீடு தரச் சொன்னது. கிடைமட்டம் என்றால், நீங்கள் பட்டியலினமா பிற்படுத்தப்பட்டவரா பொதுப்பிரிவா என்பது எதுவாக இருந்தாலும் அந்தந்தப் பிரிவுக்குள்ளேயே திருநருக்கு என்று பங்கு. (கர்நாடகத்தில் 2021-லேயே இப்படி 1 சதவீதம் வந்துவிட்டது.) ஆக, உங்கள் கையில் இருக்கும் அறிவிப்பு இதைப் பற்றி வாய் திறக்கவில்லை என்றால், கடைசித் தேதிக்கு முன்பே எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். தேர்வு முடிந்த பிறகு கேட்டால் "அப்பவே ஏன் கேக்கல" என்பார்கள், நீதிமன்றத்திலும் அந்தக் கேள்வி வரும்.

படிவத்தில் கட்டம் இல்லை என்பதற்காக விண்ணப்பிக்காமல் இருந்துவிடாதீர்கள். திருநங்கை பிரித்திகா யாஷினியின் கதையை இதற்காகவே எல்லோருக்கும் சொல்வேன். காவல் உதவி ஆய்வாளர் தேர்வுப் படிவத்தில் மூன்றாம் பாலினத்துக்கு இடமில்லை என்று விண்ணப்பத்தைத் தள்ளினார்கள். அவர் விடவில்லை, நீதிமன்றம் போய்த் தேர்வு எழுதினார், ஓட்டத் தேர்வில் நொடிக் கணக்கில் பின்தங்கியதைக் காட்டித் தள்ளியபோதும் திரும்ப நீதிமன்றம் போனார். 2015 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குப் பணி தரச் சொன்னது. 2017-ல் தருமபுரி மாவட்டத்தில் உதவி ஆய்வாளராகப் பொறுப்பேற்றார். அவர் கையில் விண்ணப்ப நகலும் நிராகரிப்பும் எழுத்தில் இருந்தன. நமக்கும் அதுதான் தேவை.

நேர்காணலில் உடம்பைப் பற்றிக் கேட்பார்கள். ஆபரேஷன் ஆச்சா, யாரோடு இருக்கீங்க, வீட்டில் சேர்த்துக்கிட்டாங்களா. சிரித்துக்கொண்டே பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. "இந்த வேலைக்கு அது தேவைப்படாதுங்க சார், வேலையைப் பத்திக் கேளுங்க" என்று சொன்னால் போதும். வெளியே வந்த உடனே, பேருந்து ஏறும் முன்பே, கேட்ட கேள்விகளை அப்படியே எழுதி வையுங்கள். குழுவில் எத்தனை பேர், யார் கேட்டார், மணி என்ன. கட்டாய உடல் பரிசோதனைக்கு அனுப்பினாலும் எழுத்தில் ஆணை கேளுங்கள். கரூரில் ஒரு பெண் காவலரை, திருநர் என்று சொன்ன மருத்துவப் பரிசோதனை முடிவைக் காட்டி வேலையிலிருந்து நீக்கியபோது, சென்னை உயர் நீதிமன்றம் 2014 ஏப்ரலில் அந்த நீக்கத்தை ரத்து செய்து அவரைத் திரும்ப வேலையில் சேர்க்கச் சொன்னது.

வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு நோட்டு

நாற்பது பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்குங்கள். நடந்ததை நடந்த அன்றே எழுதுங்கள். "மேஸ்திரி கேவலமாகப் பேசினார்" என்று எழுதினால் பயனில்லை. தேதி, காலை எத்தனை மணி, எந்த இடம், அவர் வாயிலிருந்து வந்த சொல் எதுவோ அது, அசிங்கமாக இருந்தாலும் அதே சொல், பக்கத்தில் யார் இருந்தார்கள். பழைய பெயர் சொல்லிக் கூப்பிட்டது, டீ டம்ளரைத் தனியாக வைத்தது, கழிப்பறைச் சாவி தராதது, மற்றவர்களுக்கு மாற்றி மாற்றி வரும் சாக்கடை அடைப்பு எடுக்கும் வேலை உங்களுக்கு மட்டும் தொடர்ந்து வந்தது, எல்லாம். சம்பளம் வங்கியில் விழுந்த குறுஞ்செய்தி, வாட்ஸப் குழுவில் வரும் பணி ஒதுக்கீடு, சீருடையோடு எடுத்த படம், அடையாள அட்டை, மஸ்டர் பக்கத்தின் போட்டோ இவற்றைத் தொலைபேசியில் மட்டும் வைக்காமல் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள். என் மஸ்டர் பக்கத்தை ஒரே ஒரு நாள் படம் எடுத்திருந்தால் "எங்க ஆளே இல்ல" என்ற பேச்சு அந்த இடத்திலேயே நின்றிருக்கும்.

வசவும் மிரட்டலும் தனி விஷயம். 2019 சட்டத்தின் 18-ஆம் பிரிவு, திருநரை உடலாலோ சொல்லாலோ மனத்தாலோ பாலியல் ரீதியாகவோ துன்புறுத்துவதைக் குற்றம் என்கிறது. அதற்குக் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம், அலுவலகப் புகாருக்குக் காத்திருக்கத் தேவையில்லை. நீங்கள் பட்டியலினத்தைச் சேர்ந்தவர் என்றால், சாதி சொல்லித் திட்டியதற்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் உண்டு, புகாரில் அதையும் எழுதுங்கள்.

மனுவும் தபால் பிரிவும்

சரி, இப்போது மனு. மிக நீளமாக எழுத வேண்டாம், இரண்டு பக்கம் போதும். யாருக்கு என்பதுதான் முக்கியம். மாநகராட்சி, நகராட்சி என்றால் ஆணையர். பேரூராட்சி என்றால் செயல் அலுவலர். கிராம ஊராட்சி என்றால் தலைவருக்கு ஒன்று, வட்டார வளர்ச்சி அலுவலருக்கு ஒன்று. முகவரிக்குக் கீழே "திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 11-இன் கீழ் நியமிக்கப்பட்ட புகார் அலுவலர்" என்று இரண்டாவது பெறுநராகப் போடுங்கள். அப்படி ஒருவர் அங்கே இல்லை என்று உங்களுக்குத் தெரிந்தாலும் போடுங்கள். 2020-இல் வந்த விதிகள்படி புகார் அலுவலர் 15 நாளுக்குள் விசாரிக்க வேண்டும், அறிக்கை வந்த 15 நாளுக்குள் நிறுவனத் தலைவர் நடவடிக்கை எடுக்க வேண்டும்.

உள்ளே இப்படி எழுதலாம்:

"நான் இந்தத் தேதி முதல் இந்த வார்டில் இந்த வேலை செய்து வந்தேன். இந்தத் தேதியில் எந்த எழுத்துப்பூர்வ ஆணையும் இன்றி, காரணமும் சொல்லாமல் எனக்குப் பணி மறுக்கப்பட்டது. என்னுடன் சேர்ந்த மற்றவர்கள் பணியில் தொடர்கிறார்கள். நான் திருநங்கை என்பதாலேயே இது நடந்தது என்று நம்புவதற்கு இணைப்பில் உள்ள குறிப்புகள் காரணம். இது மேற்படி சட்டத்தின் 3 மற்றும் 9-ஆம் பிரிவுகளுக்கு எதிரானது. என்னைத் திரும்பப் பணியில் சேர்க்கவும், இடைப்பட்ட நாட்களின் ஊதியம் வழங்கவும், முடிவை எனக்கு எழுத்தில் தெரிவிக்கவும் வேண்டுகிறேன்."

கடைசி வாக்கியத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். கெஞ்சலும் வேண்டாம், சாபமும் வேண்டாம். நம் ஆட்களின் மனுக்களில் குடும்பம் துரத்தியது முதல் எல்லாக் கதையும் இருக்கும். வலி புரிகிறது, ஆனால் படிக்கிறவர் அதில் பரிதாபத்தைத்தான் பார்ப்பார், உரிமையைப் பார்க்க மாட்டார்.

இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு நேராகத் தபால் பிரிவுக்குப் போங்கள். அது பொதுவாக ஒரு சின்ன ஜன்னலோ ஓரத்து மேஜையோதான். அங்கே இருப்பவர் மனுவைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மேனேஜரைப் பாத்துட்டு வாங்க" என்பார். மேலாளர் "வெச்சுட்டுப் போங்க, பாக்கறேன்" என்பார். வைத்துவிட்டுப் போகாதீர்கள். "ஐயா, தபால்ல சீல் போட்டுக் குடுத்துட்டாப் போதும், நான் போயிடறேன்" என்று நில்லுங்கள். உங்கள் பிரதியில் அலுவலக முத்திரை, தேதி, கையெழுத்து மூன்றும் வேண்டும், பதிவு எண் போட்டால் இன்னும் நல்லது. முதல்முறை நான் ஒரு தங்கச்சியோடு போனபோது முக்கால் மணி நேரம் நின்றோம். அந்தத் தபால் எழுத்தர் மை பேடைத் திறந்து, முத்திரையை இரண்டு தடவை ஒற்றி, தேதியைக் கையால் திருத்திக் கொடுத்தார். ஊதா மை காயவில்லை, அவள் ஊதிக்கொண்டே வந்தாள். ஏழு மாதமாக அந்தப் படியேறி இறங்கியவளிடம் அந்த அலுவலகம் கொடுத்த முதல் காகிதம் அது.

வாங்கவே மறுத்தால் சண்டை வேண்டாம். வெளியே வந்து அதே மனுவை ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். ரசீதும், சேர்ந்துவிட்டது என்று தபால் துறைத் தளத்தில் காட்டும் பக்கமும் முத்திரைக்குச் சமம். தனியாகப் போகாதீர்கள், குருவையோ தோழியையோ சங்கத்து ஆளையோ கூட்டிப் போங்கள். ஆனால் பத்துப் பேராகப் போக வேண்டாம். கூட்டமாகப் போனால் "கலாட்டா பண்ண வந்தாங்க" என்று எழுதிவிடுவார்கள், அதுவும் காகிதம்தான், அவர்கள் பக்கத்துக் காகிதம்.

பத்து ரூபாய்க் கேள்வி

மனு கொடுத்த மறுநாளே தகவல் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ் இன்னொரு மனு. 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, அதே அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு. கேள்விகள்: 2019 சட்டப்படி உங்கள் அலுவலகத்தின் புகார் அலுவலர் யார், நியமன ஆணை நகல் தருக. விதிகள் சொல்லும் சமவாய்ப்புக் கொள்கையின் நகல் தருக. இந்தப் பணிக்கு வந்த விண்ணப்பங்கள், தேர்வானவர் பட்டியல், மதிப்பெண், இனச்சுழற்சி (எந்த இடம் எந்தப் பிரிவுக்கு என்ற வரிசை) விவரம் தருக. ஒப்பந்த வேலை என்றால் ஒப்பந்த நகல், இந்த மாதத்துக்கும் முந்தைய மூன்று மாதத்துக்குமான வருகைப் பதிவேட்டு நகல்.

ஏன் கேட்கிறீர்கள் என்று அவர்கள் கேட்க முடியாது, நீங்களும் சொல்ல வேண்டியதில்லை. அதனால் தன்னை வெளியே சொல்லிக்கொள்ளாமல் வேலை பார்க்கும் திருநம்பிகளுக்கு இது நல்ல வழி. வேறொரு நண்பர் பெயரிலேயே போடலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கும் சரியான பதில் இல்லையென்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். "புகார் அலுவலர் நியமிக்கப்படவில்லை" என்று பதில் வந்தால் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் வழக்கின் பலமே அதுதான். 2025 அக்டோபரில், இரண்டு பள்ளிகளில் வேலை இழந்த ஜேன் கௌசிக் என்ற திருநங்கை ஆசிரியரின் வழக்கில், இந்தச் சட்டம் வெறும் காகிதமாகக் கிடக்கிறது என்று உச்ச நீதிமன்றம் அரசுகளைக் கடிந்துகொண்டு, ஒவ்வொரு நிறுவனத்திலும் புகார் அலுவலர் இருப்பதை உறுதி செய்யச் சொல்லியிருக்கிறது. அந்த வழக்கின் பெயரை அடுத்த மனுவில் எழுதுங்கள்.

ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லை என்றால்

திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். முத்திரை போட்ட பழைய மனுவின் நகலோடு போங்கள். கிராம ஊராட்சி விஷயம் என்றால் ஆட்சியர்தான் ஊராட்சிகளின் ஆய்வாளர், ஆகவே அது நேராக அவர் அதிகாரத்துக்குள் வருகிறது. நகராட்சி என்றால் நகராட்சி நிர்வாக மண்டல இயக்குநருக்கும் ஒரு பிரதி. முதல்வர் உதவி எண் 1100-லும் பதியலாம், ஆனால் அங்கே பதிந்தது கடைசியில் அதே அலுவலகத்துக்கே திரும்பி வந்து "மனுதாரருக்குத் தெரிவிக்கப்பட்டது" என்று முடிக்கப்படுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். மாநில மனித உரிமை ஆணையத்துக்கு எழுதுவதானால் சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் எழுதிவிட வேண்டும்.

கவுன்சிலரைப் பார்க்கலாமா என்று கேட்பார்கள். பாருங்கள், தப்பில்லை. 2022-ல் வேலூர் மாநகராட்சியில் திருநங்கை கங்கா நாயக் 37-வது வார்டில் ஜெயித்து மாமன்றத்தில் உட்கார்ந்தார். அவருக்கு முன்பே இன்னொரு திருநங்கை, ரியா, திருச்செங்கோடு ஒன்றியக் கவுன்சிலராக ஜெயித்தார். மன்றக் கூட்டத்தில் ஒரு உறுப்பினர் கேள்வி கேட்டால் அது கூட்டப் பதிவில் ஏறும். ஆனால் "நான் பேசிக்கறேன், மனுவை வாபஸ் வாங்கிடு" என்று சொன்னால் மட்டும் வேண்டாம். வேலை கைக்கு வந்த பிறகு வாபஸைப் பற்றி யோசிக்கலாம்.

நீதிமன்றம் என்றதும் பணம் பற்றித்தான் பயம். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். பட்டியலினத்தவருக்கும், வருமான வரம்புக்குள் இருப்பவர்களுக்கும் வழக்கறிஞர் இலவசம். உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடும்போது வழக்கறிஞரிடம் ஒன்றைத் தெளிவாகப் பேசிவிடுங்கள்: "மனுவைப் பரிசீலிக்க உத்தரவிடுங்கள்" என்று மட்டும் கேட்டால், எட்டு வாரத்தில் பரிசீலி என்று ஒரு வரி உத்தரவு வரும், அலுவலகமும் பரிசீலித்து நிராகரித்துவிட்டு உட்காரும். திரும்பப் பணியில் சேர்க்க வேண்டும், ஊதியம் வேண்டும் என்பதையே கோரிக்கையாகப் போடச் சொல்லுங்கள்.

திரும்பப் போகும் நாள்

உத்தரவு வந்து வேலைக்குப் போகும் முதல் காலை, பூ வைத்துக்கொண்டு சந்தோஷமாகப் போங்கள், ஆனால் சில விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். பணியில் சேர்ந்ததற்கான கடிதத்தைத் தபால் பிரிவில் கொடுத்து முத்திரை வாங்குங்கள். எந்தக் கழிப்பறை, சாவி யாரிடம் என்று அன்றைக்கே கேளுங்கள். கழிப்பறை வசதியைப் பற்றி விதிகளே பேசுகின்றன, இது சலுகை கேட்பது ஆகாது. பிஎஃப், இஎஸ்ஐ கணக்கில் எந்தப் பெயர் ஏறியிருக்கிறது என்று பாருங்கள், முதல் மாதச் சம்பளம் நின்றுபோவது பெரும்பாலும் அங்கேதான். அப்புறம் மஸ்டர். பழைய பெயரில் எழுதியிருந்தால் கையெழுத்துப் போடும் முன்பே அரசிதழ் நகலைக் காட்டித் திருத்தச் சொல்லுங்கள். திருத்திய இடத்தில் மேஸ்திரி சுருக்கொப்பம் இடட்டும், பிறகு உங்கள் பெயருக்கு நேரே கையெழுத்திட்டு, அந்தப் பக்கத்தை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.